ஈறு நோய்க்கான ஒளியியக்க மருத்துவம்

ஈறு நோய்க்கான ஒளியியக்க மருத்துவம் என்பது, முற்றிய ஈறு நோயில் பற்காரை அகற்றலுக்கும் வேர்ப்பரப்புத் துப்புரவுக்கும் துணையாகச் செய்யப்படும் பல் மருத்துவ முறையாகும். ஒளியால் தூண்டப்படும் ஒரு சாயம், குறித்த அலைநீளமுள்ள ஒளி, ஆக்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்து நோய் விளைவிக்கும் நுண்ணுயிர்களை அழிப்பது இதன் அடிப்படை. கெட்டிப்பட்ட பற்காரையை ஒளியால் நீக்க இயலாது. ஆகையால் இது தனி மருத்துவமாகக் கருதப்படுவதில்லை.

தேவை

ஈறு நோய் முற்றும்போது ஈறு பல்லை விட்டு விலகி, இடையே ஆழமான பை உண்டாகிறது. நலமான நிலையில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும் இவ்விடைவெளி, நோயில் 4 மில்லிமீட்டரையும் கடக்கும். கடைவாய்ப் பற்களின் வேர்கள் பிரியும் இடங்களைத் துப்புரவுக் கருவிகள் முழுமையாக எட்டுவதில்லை. அங்கு எஞ்சும் பாக்டீரியாக்களை அழிக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அடிக்கடி கொடுத்தால், அவை மருந்தை எதிர்க்கும் திறன் பெற்றுவிடக்கூடும். இம்முறையின் மீது ஆர்வம் எழுந்ததற்கு இது முக்கிய காரணம்.

செயற்படும் விதம்

முதலில் மெத்திலீன் நீலம் அல்லது தொலுயிடின் நீலம் போன்ற சாயம் பைக்குள் செலுத்தப்படுகிறது. நேர்மின்னேற்றம் கொண்ட இச்சாயங்கள், எதிர்மின்னேற்றமுள்ள பாக்டீரியாக்களின் புறப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் மெல்லிய ஒளியிழை வழியாக ஏறத்தாழ 630 முதல் 670 நானோமீட்டர் வரையான சிவப்பு ஒளி பாய்ச்சப்படுகிறது. ஒளியாற்றலைப் பெற்ற சாயம் அதனை ஆக்சிசனுக்கு அளிக்க, வினைத்திறன் மிகுந்த ஒற்றைநிலை ஆக்சிசன் தோன்றுகிறது. அது நெடுந்தொலைவு பரவுமுன் அழிந்துவிடுவதால், சாயம் ஒட்டிய இடத்தருகிலேயே சேதம் விளைகிறது. அது உயிரணுவின் பல பகுதிகளை ஒருங்கே தாக்குவதால் எதிர்ப்புத்திறன் உருவாவது கடினம்.

இக்கோட்பாடு பழையது. 1900-இல் செருமனியின் மியூனிக் நகரில் மாணவராயிருந்த ஆசுக்கர் ராப், அக்ரிடின் சாயமும் ஒளியும் சேர்ந்தால் பரமீசியம் இறப்பதை எடுத்துக்காட்டினார்.

பயன் குறித்த கருத்து வேறுபாடு

ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரியும் பயன், நோயாளியின் வாயில் அவ்வளவு உறுதியாகத் தெரிவதில்லை. ஆழமான பையில் ஆக்சிசன் குறைவு. குருதியும் ஈற்றுநீரும் சாயத்தைக் கழுவிச் செல்கின்றன. தடித்த நுண்ணுயிர்ப் படலத்துள் சாயம் எளிதில் ஊடுருவுவதில்லை.

2015-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், இம்முறையைச் சேர்ப்பதால் ஈற்றுப் பிணைப்பில் சராசரியாக 0.53 மில்லிமீட்டர் கூடுதல் பயன் கிடைப்பதாகக் கணித்து, வலுக்குறைந்த பரிந்துரை வழங்கியது. 2020-இல் ஐரோப்பியப் பல்சூழ் மருத்துவக் கூட்டமைப்போ இதனைத் துணை மருத்துவமாகப் பயன்படுத்த வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. ஆய்வுகளில் சாயம், ஒளியின் அளவு, செய்யும் தடவைகள் ஆகியன வெவ்வேறாக இருப்பதால், அவற்றை ஒப்பிடுவதே சிக்கலாக உள்ளது. புகைபிடித்தல், கட்டுப்படாத நீரிழிவு ஆகியவை நோயை முற்றச்செய்யும் காரணிகள். இவற்றை ஒளியால் மாற்ற முடியாது.