பழைய பைக்கில் அடிக்கடி ஃபியூஸ் போகுதா? கம்பி சுத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதா? முதலில் பேட்டரி பக்கத்தில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்க. எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போடணும்.

மறுபடியும் போனால், எங்கேயோ ஷார்ட் இருக்குன்னு அர்த்தம். ஹேண்டில் திரும்பும்போது மடங்கும் வயர்களையும், டேங்குக்கு அடியில் சேஸிஸில் உரசும் வயர்களையும் கவனமாகப் பாருங்கள்.

ஃபியூஸுக்குப் பதிலாக செம்புக் கம்பி சுற்றவே கூடாது. ஃபியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும். அந்த வயர் போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில்!

ஃபியூஸ் நல்லா இருக்கா? பேட்டரி டெர்மினல், எர்த் போல்ட் இரண்டிலும் துரு இருந்தால் தேய்த்து இறுக்குங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 காட்டும். இன்ஜினை ரேஸ் செய்தால் 13.5 முதல் 14.5 வரை ஏறணும். ஏறவில்லையா? மேக்னட் காயில் அல்லது ரெகுலேட்டரில் கோளாறு இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர்தான் சந்தேகம். பல்பும் பேட்டரியும் சீக்கிரம் போகும்.

பல பழைய பைக்குகளில் ஹெட்லைட்டுக்கு மேக்னட்டிலிருந்தே நேராக கரண்ட் வரும். ஐட்லிங்கில் மங்குவது அவற்றில் இயல்புதான். அதுக்காக பேட்டரியை மாத்திடாதீங்க!