கிண்டியைச் சூழ்ந்த தேர்தல்: 1967இல் மேடையும் ஏடும்

1967 பிப்ரவரியில் நடந்த பொதுத் தேர்தலில் கிண்டியைச் சுற்றியிருந்த தொகுதிகளின் வேட்பாளர் பட்டியலே தனியாக ஆராயத்தக்கது. அடையாற்றின் வடகரையில் சைதாப்பேட்டைக்கு மு. கருணாநிதி, தெற்கே பரங்கிமலைக்கு எம்.ஜி. இராமச்சந்திரன், தென்சென்னை மக்களவைத் தொகுதிக்கு சி.என். அண்ணாதுரை. மேடைப் பேச்சால், திரை வசனத்தால், திரை முகத்தால் பெயர் பெற்ற மூவர் அக்கம்பக்கத்தில் போட்டியிட்டு மூவரும் வென்றார்கள். பின்னாளில் மூவருமே முதலமைச்சர் ஆனார்கள். இவர்களுடைய பரப்புரைக்கு அன்றைய ஏடுகள் எப்படி மறுமொழி தந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அரசியல்வாதி பேசுவார், பத்திரிகை வெளியே நின்று அதை எடைபோடும் என்ற பாடநூல் சித்திரம் இங்கே பொருந்தவில்லை என்பது என் துணிபு. ஏடுகளில் பல மேடையின் மேலேயே நின்றுகொண்டிருந்தன.

அதன் வேர் சற்றுப் பழையது. தமிழ் அரசியல் மேடைப் பேச்சு 1905க்குப் பிந்தைய சுதேசி இயக்கக் காலத்தில் உருப்பெற்றதை பெர்னார்ட் பேட் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கடற்கரையில் கூட்டம் சேர்த்தவர்களே இதழ்களிலும் எழுதினார்கள். பாரதியார் சுதேசமித்திரனிலும் ‘இந்தியா’விலும் பணியாற்றியவர். பேச்சாளரும் இதழாளரும் ஒருவராகவே இருப்பது தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

திராவிட இயக்கம் இந்த இணைப்பை ஒரு நிறுவனமாகவே வளர்த்தெடுத்தது. அண்ணாதுரை 1942இல் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் துண்டறிக்கையாகப் பிறந்த கருணாநிதியின் ‘முரசொலி’ 1960இல் நாளேடானது. மேடையில் ஒலித்த அடுக்குத்தமிழ் அச்சில் ஏறியது. அச்சில் வந்ததை ஊர்தோறும் இருந்த மன்றங்களிலும் படிப்பகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு நாற்பதை எட்டவில்லை. ஆகவே ஓர் ஏட்டின் வீச்சை அதன் விற்பனையைக் கொண்டு மட்டும் அளப்பது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். கட்சி ஏடுகளை வெறும் பிரசாரத் தாள்கள் என்று ஒதுக்கும் ஆய்வாளர்கள் இதைக் காணத் தவறுகிறார்கள். முழுப் பேச்சையும் சொல் மாறாமல் எளியவர்களிடம் கொண்டுசேர்த்தவை அந்த ஏடுகள்தாம்.

1967இல் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்த்தால் கோடுகள் துலக்கமாகத் தெரிகின்றன. ‘முரசொலி’ தி.மு.க.வின் குரல். பெரியார் காங்கிரசை ஆதரித்ததால் ‘விடுதலை’ தி.மு.க.வுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு கூட்டணி கண்டிருந்தது. அவருடைய எழுத்துக்கு ‘கல்கி’யும் ‘சுயராஜ்யா’வும் களமாயின. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது ‘தினத்தந்தி’. 1942இல் மதுரையில் அதைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் ‘நாம் தமிழர்’ என்ற கட்சியின் தலைவரும் ஆவார். இத்தேர்தலில் தி.மு.க. அணியில் நின்று வென்று, புதிய சட்டமன்றத்தின் பேரவைத் தலைவரானார். குறுகிய வாக்கியம், பெரிய எழுத்துத் தலைப்பு, பேச்சுவழக்கை ஒட்டிய நடை என்று சாதாரண மக்களுக்குச் செய்தித்தாள் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கிய ஏட்டின் அதிபரே வேட்பாளராகவும் இருந்தார்.

இந்தச் சூழலில்தான் அரிசி வாக்குறுதி வந்தது. அறுபதுகளின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூடுகளின் காயமும் ஆறவில்லை. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. பரப்புரை. இந்த முழக்கத்தின் கட்டமைப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘லட்சியம்’ ஆசையைத் தூண்டுகிறது, ‘நிச்சயம்’ பொறுப்பைச் சுருக்குகிறது. கேட்டவர் மனத்தில் தங்கியது மூன்று. பேசியவர் கட்டுப்பட்டது ஒன்றுக்கு. இயைபோடு அமைந்ததால் ஒருமுறை கேட்டாலே மனப்பாடமாகிவிடும். நெல் எங்கிருந்து வரும், மானியத்துக்குப் பணம் எங்கே என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கணக்கு வேண்டும், பத்திகள் வேண்டும், படிக்கத் தெரிந்தவரின் பொறுமையும் வேண்டும். முழக்கத்துக்கோ சுவரும் ஒலிபெருக்கியும் போதும்.

சொல் செய்த வேலையைவிடப் படம் செய்த வேலை பெரிது. 1967 ஜனவரி 12 அன்று, கிண்டிக்கு மேற்கே உள்ள இராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர். ராதா சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. மருத்துவமனையில் கழுத்தில் கட்டோடு இருந்த அவருடைய படம் சுவரொட்டியாகி மாநிலமெங்கும் பரவியது. பரங்கிமலை வாக்காளர்களிடம் அவர் நேரில் வந்து பேசவில்லை. ஆனாலும் 27,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். குற்றச் செய்தியாக அச்சான ஒன்று, யாரும் ஒரு சொல் சேர்க்காமலேயே பரப்புரையாக மாறிய நிகழ்வு இது. தி.மு.க.வை ஆதரிக்காத ஏடும் அந்தச் செய்தியை வெளியிடாமல் இருக்க முடியாது. வெளியிட்டால் அது எம்.ஜி.ஆருக்கு வாக்குக் கேட்டதாகிவிடும். செய்தித் துறை நெறிகளில் இதற்கு அன்று விடை இல்லை. இன்றும் இருப்பதாக நான் கருதவில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நிகழ்வும் அதே தேர்தலில் உண்டு. விபத்தில் காயமுற்றிருந்த காமராசர், படுத்துக்கொண்டே ஜெயிப்போம் என்று சொன்னதாக ஒரு செய்தி பரவியது. உடல்நிலையைக் கேட்டவர்களுக்குத் தெம்பூட்டச் சொல்லியிருக்கக்கூடிய சொல், அந்தச் சூழலிலிருந்து பிரிந்து வெளியே போனதும் ஆணவமாகக் கேட்டது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் அவர் தோற்றார். அந்த ஒரு சொல்லே தோல்விக்குக் காரணம் என்பது மிகை. அரிசியும் மொழியும் ஆளுங்கட்சி மீதிருந்த சலிப்பும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆயினும் இருவரும் படுக்கையில் இருந்த அந்த வாரங்களில், ஒருவரை அவருடைய மௌனம் உயர்த்தியது, மற்றவரை அவர் பெயரில் உலவிய ஒரு வரி தாழ்த்தியது. பேசியவரின் சூழலையும் சேர்த்துச் சொல்வது செய்தியாளரின் முதல் கடமை. அந்தக் கடமையிலிருந்து தவறியதற்கு நாடறிந்த ஒரு தலைவர் விலை கொடுத்தார் என்பதை நினைக்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது. 1975இல் மறைந்த அவருக்கு நினைவகம் அமைந்ததும் கிண்டியில், காந்தி மண்டப வளாகத்தில்தான்.

தி.மு.க. 137 இடங்களில் வென்றது. 1967 மார்ச் 6 அன்று அண்ணாதுரை முதலமைச்சரானார். படியரிசித் திட்டம் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில், சென்னையிலும் கோவையிலும் மட்டும் நடைமுறைக்கு வந்து, நிதிச்சுமை தாளாமல் பின்னர் நின்றது.

அடுத்த நாற்பது ஆண்டுகளின் போக்கைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த திராவிடர் கழக மாநாட்டு ஊர்வலம் குறித்து சோவின் ‘துக்ளக்’ படங்களுடன் எழுதியது. தி.மு.க.வுக்கு எதிரான கடும் பரப்புரைக்கு அது கருவியானது. ஆனால் அவ்வாண்டு சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. இதழியல் கண்டனம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதன் எல்லை எது என்பதை இது காட்டுகிறது. 1984இல் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆரின் காணொளி ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. 1967இன் சுவரொட்டி அசையும் படமாகத் திரும்பி வந்தது, ஆண்டிப்பட்டியில் அவர் வென்றார். 1993இல் சன் தொலைக்காட்சி, 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர் தொலைக்காட்சி. படிப்பகத்தில் உரக்கப் படித்தவரின் இடத்துக்கு வீட்டுக்கூடத்துப் பெட்டி வந்தது. கட்சிக்கும் ஊடகத்துக்கும் இடையில் 1967இல் மிச்சமிருந்த இடைவெளியும் சுருங்கியது.

அரிசிக் கேள்வி மட்டும் மறையவில்லை. 2006இல் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சியையும் 2011இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் வாக்குறுதியாகத் தந்தன. அவற்றை எதிர்த்த எஸ். சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் முறைகேடான தேர்தல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு, அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் திரட்டும் வழியையும் கட்சிகள் பொதுப்படையாகவேனும் சொல்ல வேண்டும் என்ற பகுதி 2014இல் நடத்தை விதிகளில் சேர்ந்தது. 1967இல் படியரிசியைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 47 ஆண்டுகள் கழித்து இப்படி விதிப்புத்தகத்தில் இடம்பிடித்தது. அதைச் சேர்க்கச் செய்தது ஒரு வழக்கு. எந்த ஏட்டின் தலையங்கமும் அல்ல.