தங்கமும் மோதிரமும்: பாப் ஹேய்ஸ் கதை

புனேவுக்கு வந்து ஆறு வருடமாகிறது. வருடத்தில் ஒரு திங்கட்கிழமை மட்டும் எங்கள் கான்ஃபரன்ஸ் காலில் முதல் கால் மணி நேரம் வேலைப் பேச்சே இருக்காது. முந்தின நாள் அமெரிக்காவில் சூப்பர் பௌல் நடந்திருக்கும். நான் ம்யூட்டில் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை டல்லாஸில் இருக்கும் பெரியவர் ஒருவர், "உங்களுக்கு பாப் ஹேய்ஸைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. அன்று ராத்திரியே தேடிப் படித்தேன். அதன் விளைவுதான் இது. :-)

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலில் குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். தூரத்தில் ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். நம் கிரிக்கெட்டில் பின்னால் ஓடிக்கொண்டே உயரமான கேட்ச் பிடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒருத்தர் பிடிக்க விடாமல் தடுத்துக்கொண்டே ஓடி வருவார். அவ்வளவுதான் வித்தியாசம்!

ஹேய்ஸ் பிறந்தது 1942-ல், ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில். கறுப்பின மாணவர்களுக்கான ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஓட்டம், ஃபுட்பால் இரண்டிலும் இருந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்தது முதல் லேன், கரித்தூள் பாதையில் மற்றவர்கள் மிதித்துக் குதறிப்போட்ட ஓரம். அறைக்கு வந்த குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியர் எதையோ தேடும்போது ஒரு ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட, ஒரு காலுக்கு இரவல் ஷூ போட்டுக்கொண்டு ஓடினார் என்று சொல்வார்கள். 10.0 விநாடி, தங்கம், உலக சாதனை சமன்.

அடுத்து 4x100 ரிலே. கடைசி ஆளான ஹேய்ஸ் கைக்குக் கோல் வந்தபோது அமெரிக்கா ஐந்தாம் இடத்தில் இருந்தது. முன்னால் போனவர்களை எல்லாம் தாண்டி முதலாவதாக முடித்தார். 39.0 விநாடி, புது உலக சாதனை. அதோடு தடகளத்தை விட்டுவிட்டார்.

1965-ல் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் சேர்ந்தார். ஓட்டக்காரனுக்குப் பந்து பிடிக்க வருமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு முதல் சீசனிலேயே பதில் கிடைத்தது: 46 கேட்ச், 1,003 யார்டு, 12 டச்டவுன். ஆளுக்கு ஆள் காவல் போட்டால் அவரோடு யாராலும் ஓட முடியவில்லை. அதனால் ஆளை விட்டுவிட்டு இடத்தைக் காவல் காக்கும் 'ஸோன்' முறைக்கு எதிரணிகள் மாற வேண்டியதாயிற்று. ஒரு ஆளின் வேகம் ஒரு ஆட்டத்தின் வியூகத்தையே மாற்றியது.

சறுக்கலும் உண்டு. 1967 டிசம்பர் 31, கிரீன் பே நகரில் மைனஸ் 25 டிகிரிக்கு அருகில் குளிர். ஃபுளோரிடாக்காரரான ஹேய்ஸ், பந்து தன் பக்கம் வராத சமயங்களில் கைகளை உடைக்குள் செருகிக்கொண்டார். எதிரணி அதைக் கவனித்துவிட்டது. கை உள்ளே இருந்தால் பந்து இவருக்கு இல்லை! டல்லாஸ் 21-17 என்று தோற்றது.

1972 ஜனவரியில் மயாமியை 24-3 என வென்று சூப்பர் பௌல் மோதிரம் கிடைத்தது. ஒலிம்பிக் தங்கமும் அந்த மோதிரமும் சேர்த்து வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1975-ல் சான் ஃபிரான்சிஸ்கோவோடு ஆட்டம் முடிந்தது. மொத்தம் 371 கேட்ச், 7,414 யார்டு, 71 டச்டவுன் கேட்ச். ஒரு கேட்சுக்குச் சராசரியாக 20 யார்டு.

பிறகுதான் சோகம். 1979-ல் ரகசிய போலீஸ்காரர் ஒருவரிடம் போதைப் பொருள் கொடுத்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பத்து மாதம் சிறை. குடியோடு போராட்டம். ஹால் ஆஃப் ஃபேம் கதவு திறக்கவே இல்லை. 2001-ல் டல்லாஸ் அணி தன் மைதானத்தின் கௌரவ வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தபோது நேரில் வந்தார். 2002 செப்டம்பரில், 59 வயதில், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் அவரை எடுத்துக்கொண்டது 2009-ல். கடைசியாக ஆடி 34 வருடம், இறந்து ஏழு வருடம் கழித்து.

அவர் செய்தது தப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, அனுபவித்தார். ஆனால் 1965-ல் பிடித்த பந்தை 1979-ன் குற்றம் நழுவ விடச் செய்யுமா? தகுதி இல்லை என்றால் 2009-லும் இல்லைதானே. இருக்கிறது என்றால், அவர் உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்கலாமே.

அடுத்த வார காலில் அந்த டல்லாஸ் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சின்னப் பையனாக அப்பாவோடு மைதானத்துக்குப் போய் ஹேய்ஸைப் பார்த்தாராம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ரிப்போர்ட்டைப் பார்ப்போமா?" என்றார்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சொல்லுங்கள்.