காவல் இலக்க நூற்பாவும் உரையும்

பதினோ ரிலக்கம் நிரைத்தபின் காவல்
ஒன்றே நிறுத்தின், மாறலும் பிறழ்தலும்
தோன்றும், திருத்தல் அதன்தொழி லன்றே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஆதார் எண் வாய்மொழியாலும் விரலாலும் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லுங்கால் நேரும் பிழையை அறியுமாறு உணர்த்துதல் நுதலிற்று.

பதினோரிலக்கம்: 12 இலக்கங்களுள் முதற்பதினொன்று. இவை பிறந்தநாளும் ஊரும் குறியா. முதலிடத்தில் 0, 1 வாரா. 'நிரைத்தபின்' என்றதனால், காவல் முன்னவற்றைக் கணக்கிட்டுப் பெறப்படுவது என்பது போந்தது.

காவல்: ஈற்றில் நிற்கும் சரிபார்ப்பு இலக்கம்.

மாறல்: ஓரிலக்கம் வேறொன்றாதல். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கேரளத்து வெள்ளறடையில், அக்ஷயா என்னும் பொதுச்சேவை மையத்தில் ஒருவர் 'ஏழு' என, கேட்டவர் 'எட்டு' என அடித்தல் போல்வது.

பிறழ்தல்: அடுத்துள்ள இரண்டு இடம் மாறல், 63 என்பது 36 ஆதல். இது விரித்துரைக்கற்பாலது. இலக்கங்களை வெறிதே கூட்டிக் காவல் அமைப்பின், ஆறும் மூன்றும் எம்முறையிற் கூட்டினும் ஒன்பதேயாகலின் பிறழ்தல் ஒளிந்துகொள்ளும். வங்கி அட்டைகளிற் பயிலும் லூன் முறை ஒன்றுவிட்டொன்றை இரட்டித்து இக்குறையைப் பெரிதும் நீக்கியும், 09, 90 என்னும் இரண்டை வேறுபடுத்தமாட்டாது. நெதர்லாந்துக் கணிதர் வெர்ஹோஃப் 1969இல் கூட்டலையே விடுத்தார். ஐங்கோணத்தைச் சுழற்றும் நிலை ஐந்து, புரட்டும் நிலை ஐந்து, ஆகப் பத்தையும் பத்து இலக்கங்களுக்கு ஈடாக வைத்தார். சுழற்றிப் புரட்டலும் புரட்டிச் சுழற்றலும் ஒன்றாகா என்பதே இதன் உயிர். அதன்மேல் இடந்தோறும் இலக்கங்களை வேறுவேறாக மாற்றும் வரிசையும் சேர்த்தமையின், இவ்விருவகைப் பிழையும் தனித்து வருங்கால் ஒன்றும் எஞ்சாது வெளிப்படும். ஆதார் மேற்கொண்டது இம்முறையே.

உம்மைகள் எண்ணும்மை. முற்றும்மையாகக் கொண்டு எல்லாப் பிழையும் புலப்படும் என உரைப்பின் அது பொருந்தாது. இலக்கங்களை மனம்போனவாறு அடிப்பினும் பத்தில் ஒருமுறை பொருந்திவிடுமன்றோ? பொருந்திய எண் எவர்க்கேனும் வழங்கப்பட்டதுதானா என்பதும் ஆதார் வழங்கும் ஆணையத்தின் பதிவைக் கேட்டே அறியற்பாலது.

தோன்றும்: பிழை உண்மை தோன்றும், அதன் இடம் தோன்றாது.

திருத்தல் அன்றே: 'ஒன்றே' என்புழி ஏகாரம் பிரிநிலை, அதனை ஈண்டுக் கூட்டிப் பொருள் கொள்க. ஆதார் அட்டையிலுள்ள கியூஆர் கட்டம், ரீடும் சாலமனும் 1960இல் வகுத்த முறையால், கறைபட்டுச் சில புள்ளிகள் அழியினும் தானே மீட்டுத் தரும். ஆண்டு மிகைத் தரவு பலவாகலின். ஈண்டு மிகை ஒன்றேயாகலின், மீளக் கேட்டு அடித்தலே வழி.