கூடு விட்டுக் கூடு பாய்ந்த கார்

மோட்டார் கார் விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்க ஒருவர் வருவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிறர் ஓட்டும் காரில் முன் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதிப்பதோடு என் மோட்டார் ஞானம் முடிந்துவிடுகிறது.

ஆனாலும் யோசனை கேட்டார்கள். கேட்டவர் கோயமுத்தூரில் இருக்கும் என் பழைய சிநேகிதரின் மனைவி. "அண்ணா, நீங்க சொன்னாத்தான் கேட்பாருங்க. அருமையான பெரிய காரைக் கொடுத்துட்டு, ரெண்டே பேர் உட்கார்ற பந்தயக் கார் வாங்கப் போறாராமுங்க. ஐம்பத்திரண்டு வயசிலே இது என்னங்க புத்தி?" என்றார்.

சிநேகிதரைக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பின் ஸீட்டைப் போய்ப் பாருங்க. மூணு வருஷமா அதிலே யாரும் உட்காரலை. பொண்ணு கல்யாணமாகிப் போயாச்சு. பையன் வெளிநாடு. காலி ஸீட்டை எதுக்குங்க ஊரெல்லாம் சுமந்துட்டுத் திரியணும்?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் தெரியாதபோது கதை சொல்வதுதான் என் தொழில். ஆகவே, இதே இரண்டு விதமான கார்களையும் ஒரே கொட்டகையில் செய்த ஒரு மனிதரின் கதையை அவருக்குச் சொன்னேன். அதையே இங்கே வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் 1901-ஆம் ஆண்டில் பிறந்தவர் வில்லியம் லயன்ஸ். 1922-ல், இருபத்தொரு வயதில், இன்னொரு வில்லியத்தோடு கூட்டுச் சேர்ந்தார். அவர் வில்லியம் வால்ம்ஸ்லி. இருவருமாக மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் மாட்டும் தொட்டி வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு சின்ன ஆஸ்டின் கார்களுக்கு அழகான மேற்கூடு கட்டினார்கள். 1928-ல் மோட்டார் தொழிலின் தலைநகரமான காவென்ட்ரிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

லயன்ஸுக்கு ஒரு விசேஷமான சாமர்த்தியம் உண்டு. அவர் காகிதத்தில் படம் போட்டுக் கார் செய்கிறவர் அல்ல. மரத்தாலும் தகட்டாலும் முழு அளவில் ஒரு மாதிரிக் காரைச் செய்யச் சொல்லி, அதைத் தம் வீட்டு வாசலில் நிறுத்தி, வெயில் அதன்மேல் எப்படி விழுகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். பெண் பார்க்கப் போன மாமியார்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க மாட்டாள்! இங்கே ஒரு விரல்கடை குறை, அங்கே கொஞ்சம் வளை என்பார். அந்தக் கண்தான் அவருடைய மூலதனம்.

1935-ல் லண்டனில் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்து, தம் புதிய நான்கு கதவுக் காரை அறிமுகப்படுத்தினார். 'ஜாகுவார்' என்ற பெயர் அப்போதுதான் வந்தது. அமெரிக்கக் காடுகளில் திரியும் சிறுத்தை இனத்துப் பெரும் பூனைக்கு அந்தப் பெயர். வந்திருந்தவர்களிடம், "இதன் விலை என்ன இருக்கும்?" என்று கேட்டார்கள். சராசரியாக அறுநூறு பவுனுக்கு மேல் போயிற்று மதிப்பு. உண்மையான விலையோ நானூறு பவுனுக்கும் குறைவு. பெரிய மனிதர்களின் தோரணையை நடுத்தர மனிதனின் பணப்பைக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் லயன்ஸின் வெற்றி.

பிறகு யுத்தம் வந்தது. 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் காவென்ட்ரி நகரத்தையே எரித்துவிட்டன. அதன் பின் தொழிற்சாலைகளில் இரவு முழுதும் தீக்காவல் போட்டார்கள். குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்காகச் சிலர் கண் விழித்திருக்க வேண்டும். லயன்ஸும் அவருடைய முக்கியமான எஞ்சினியர்கள் ஹெய்ன்ஸ், ஹாஸன், பெய்லி ஆகியோரும் சேர்ந்து காவல் இருந்தார்கள். தலைக்கு மேலே குண்டு விழுமோ என்று காத்திருந்த அந்த இரவுகளில் அவர்கள் பேசியது என்ன தெரியுமா? சமாதானம் வந்த பிறகு செய்யப் போகும் ஒரு சொகுசுக் காரைப் பற்றி! குடும்பத்தோடு ஐந்து பேர் சாய்ந்து உட்கார்ந்து மணிக்கு நூறு மைல் வேகத்தில் போக வேண்டும். அதற்கு ஏற்ற எஞ்சின் வேண்டும். அந்த எஞ்சின், மூடியைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கும் அழகாக இருக்க வேண்டும். அது லயன்ஸின் பிடிவாதம்.

அப்படிப் பிறந்ததுதான் 'எக்ஸ்.கே.' எஞ்சின். ஆறு ஸிலிண்டர், 3,442 கன சென்டிமீட்டர், 160 குதிரைச் சக்தி. ஸிலிண்டர்களின் தலைமேலே இரட்டை காம்ஷாப்ட். அதுவரை பந்தயக் கார்களிலும் மிக விலையுயர்ந்த கார்களிலும் மட்டுமே பெரும்பாலும் இருந்த ஏற்பாடு அது.

உயிர் தயார். ஆனால் உடம்பு தயாராகவில்லை. 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் மோட்டார் கண்காட்சி. பெரிய ஸலூன் காரின் கூடு அதற்குள் முடியாது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? விக்கிரமாதித்தன் கதையில் ராஜா கூடு விட்டுக் கூடு பாய்ந்ததை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? லயன்ஸும் அதைத்தான் செய்தார். குடும்பக் காருக்கென்று படைத்த உயிரை, அவசர அவசரமாகச் செய்த இரண்டு ஆசனப் பந்தயக் காரின் உடம்பில் புகுத்தினார். ஏதோ இருநூறு கார் செய்தால் போதும், விளம்பரமாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தக் காரின் பெயர் எக்ஸ்.கே. 120. மணிக்கு 120 மைல் என்பது பெயரிலேயே இருந்த வாக்குறுதி. அடிப்படை விலை 998 பவுன். ஜனங்கள் மேடையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். ஆனால் 120 மைல் என்பதை நம்பாதவர்களும் இருந்தார்கள். 1949 மே மாதம் பத்திரிகைக்காரர்களைப் பெல்ஜியத்துக்கு அழைத்துச் சென்று, ஜாபெக் என்ற ஊர்ப் பக்கத்து நேர்ச்சாலையில் ஓட்டிக் காட்டினார்கள். 132 மைலைத் தாண்டியது கார். இருநூறோடு நிற்கவில்லை வியாபாரம்; ஆயிரக்கணக்கில் போயிற்று.

எந்தக் காருக்காக அந்த எஞ்சின் பிறந்ததோ, அந்த ஸலூன் கார் 1950-ல்தான் வெளிவந்தது. மார்க் 7 என்று பெயர். அப்புறம் உயிர் இரு கூடுகளுக்கும் மாறி மாறிப் பாய்ந்துகொண்டே இருந்தது. பிரான்ஸில் லீ மான் என்ற ஊரில் இருபத்து நான்கு மணி நேரம் இரவும் பகலும் ஓடும் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் ஜாகுவார் வென்றது. 1953-ல் வென்ற காரில் தட்டு பிரேக் இருந்தது. சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்து நிறுத்தும் முறை அது. சில ஆண்டுகளில் அதே பிரேக் குடும்பக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. பந்தயக் கார் பட்ட பாட்டின் பலனைப் பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் அனுபவித்தார்கள்.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த சிநேகிதர், "பார்த்தீங்களா? நான் சொன்னது சரிதானே?" என்று உற்சாகமாக நிமிர்ந்தார்.

"இருங்கள், கதை இன்னும் முடியவில்லை" என்றேன்.

லயன்ஸுக்கு ஒரே மகன். ஜான் என்று பெயர். தகப்பனாரின் தொழிலில் இறங்கியிருந்த வாலிபன். 1955 ஜூன் மாதம் லீ மான் பந்தயத்துக்காக அவனும் புறப்பட்டான். பந்தயத்தில் ஓட்ட அல்ல. பிரான்ஸில் சாதாரணச் சாலையில், எல்லாரும் போவது போல், காரில் போய்க்கொண்டிருந்தான். வழியில் விபத்து. பந்தய மைதானத்தை அவன் பார்க்கவேயில்லை.

அந்தத் துக்கத்தின் நிழலிலேயே பந்தயம் ஆரம்பமாயிற்று. ஜூன் 11-ஆம் தேதி மாலை, முன்னால் சென்ற ஜாகுவாரை மைக் ஹாதார்ன் என்ற இளைஞர் நிறுத்தத்துக்காக வேகம் குறைத்தார். பின்னால் வந்த ஓர் ஆஸ்டின்-ஹீலி ஒதுங்கியது. அதற்கும் பின்னால் பாய்ந்து வந்த மெர்ஸிடிஸ் அதன்மேல் ஏறி, எகிறி, ஜனக் கூட்டத்துக்குள் விழுந்து சிதறியது. அதை ஓட்டிய லெவெக்கும், பார்க்க வந்தவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களும் மாண்டார்கள். மோட்டார்ப் பந்தய சரித்திரத்திலேயே அவ்வளவு கோரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரவில் மெர்ஸிடிஸ் கோஷ்டி தன் கார்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஜாகுவார் தொடர்ந்து ஓடியது; வென்றது. தனிப்பட்ட எந்த ஓட்டுநர் மீதும் குற்றமில்லை என்று பிற்பாடு விசாரணையில் முடிவாயிற்று. ஆனால் அந்த வெற்றிச் செய்தி, மகனைப் பறிகொடுத்த வீட்டுக்குள் எப்படி நுழைந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. அடுத்த ஆண்டு, 1956-ல், ராஜாங்கம் லயன்ஸுக்கு 'ஸர்' பட்டம் கொடுத்தது. அதே ஆண்டில் அவருடைய ஸ்தாபனம், தானே நேரடியாகப் பந்தயத்தில் இறங்குவதை நிறுத்திவிட்டது.

மைக் ஹாதார்னின் கதை அதோடு முடியவில்லை. 1958-ல் பெராரி காரை ஓட்டி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலகச் சாம்பியன் ஆனார். பிரிட்டனிலிருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். அந்த ஆண்டில் அவருடைய உயிர் நண்பர் ஒருவர் பந்தயத்தில் இறந்திருந்தார். ஹாதார்ன், "போதும்" என்று பந்தயத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டார். கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. 1959 ஜனவரி 22-ஆம் தேதி, கில்ட்போர்டு ஊருக்குப் பக்கத்தில் ஈரமான சாலையில், தம் சொந்தக் காரில் வேகமாகப் போனார். கார் வழுக்கி மரத்தில் மோதியது. இருபத்தொன்பது வயது.

அவர் ஓட்டியது பந்தயக் கார் அல்ல. நான்கு கதவு வைத்த 3.4 லிட்டர் ஜாகுவார் ஸலூன்!

இந்த இடத்தில் என் சிநேகிதர் பேசவில்லை. நானும் சற்று நேரம் பேசவில்லை.

பந்தயக் காரில் எமன் உட்கார்ந்திருக்கிறான், குடும்பக் காரில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. பந்தயக் கார் தன் வேகத்தைக் கூச்சல் போட்டுச் சொல்லிவிடும். காற்று முகத்தில் அறையும். முதுகெலும்பு ஒவ்வொரு கல்லையும் எண்ணும். சொகுசுக் காரோ வேகத்தை மறைத்துவிடும். மெத்தென்ற தோல் ஆசனம், வழவழப்பான வால்நட் மரப்பலகை, மூடிய கண்ணாடி. உள்ளே இருப்பவனுக்கு நாற்பது மைலும் எண்பது மைலும் ஒன்றாகத் தோன்றும். இரண்டுக்கும் உயிர் ஒன்றுதான் என்பதை மறக்கிறவனுக்குத்தான் ஆபத்து.

இனி, மாற்றிக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். 1959 அக்டோபரில் மார்க் 2 என்ற ஸலூன் கார் வந்தது. அதில் பெரிய எஞ்சின் 3.8 லிட்டர், 220 குதிரைச் சக்தி. திருடர்களும் அதை விரும்பினார்கள். திருடர்களைத் துரத்திய போலீஸும் அதையே விரும்பியது! 1961 மார்ச்சில் ஜெனீவாவில் இ-டைப் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. எஞ்சின் அதே 3.8 லிட்டர்தான். இரண்டு கார்புரேட்டருக்குப் பதில் மூன்று. 265 குதிரைச் சக்தி. மணிக்கு 150 மைல் என்று விளம்பரம். விலை 2,100 பவுனுக்குச் சற்றுக் குறைவு. மாற்றிக்கொள்கிறவன் மேலே போட வேண்டியது சில நூறு பவுன்தான். ஜெனீவாவில் ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு கார் போதாமல், இன்னொரு காரை நார்மன் டூயிஸ் என்ற ஓட்டுநர் காவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்.

மாற்றிக்கொண்டவர்கள் சந்தோஷமாக இருந்தார்களா? இருந்தார்கள். ஆனால் சிறிது காலத்தில் வாடிக்கைக்காரர்கள், "குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1966-ல் அதே இ-டைப்பை ஒன்பது அங்குலம் நீட்டி, பின்னால் இரண்டு குட்டி ஆசனங்களைச் செருகினார்கள். பார்வைக்குச் சற்றுக் கூன் விழுந்தாற்போல் ஆயிற்று. இருந்தாலும் விற்றது. குடும்பத்தை விட்டு ஓடிய காரைக் குடும்பமே துரத்திப் பிடித்து ஏறிக்கொண்டது!

1966-ல் லயன்ஸ் தம் ஸ்தாபனத்தை வேறொரு பெரிய கம்பெனியோடு இணைக்கச் சம்மதித்தார். மகன் உயிரோடிருந்தால் சம்மதித்திருப்பாரா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பிறகு அது கை மாறிக் கை மாறி, 2008-ல் நம் நாட்டு டாட்டாவின் கைக்கு வந்தது. தீக்காவல் இரவுகளில் பிறந்த அந்த எஞ்சின் 1992 வரை உயிரோடிருந்தது. கடைசியாக அது குடியிருந்த கூடு, டெய்ம்லர் என்ற பெயரில் செய்த நீளமான லிமோஸின். கல்யாண ஊர்வலத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் போகும் கார்!

கதை முடிந்தது. சிநேகிதர் வெகு நேரம் கழித்து ஒன்று கேட்டார்: "பையன் போனப்புறமும் அந்த மனுஷர் கார் செஞ்சாருங்களா?"

"செய்தார். இ-டைப் வந்தது ஆறு ஆண்டு கழித்துத்தான்" என்றேன்.

போன வாரம் அவர் என்னைப் பார்க்க வந்தார். சிவப்புக் கார், இரண்டே ஆசனம். என் யோசனையின் லட்சணம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டாவது ஆசனத்தில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தாழ்வான காரிலிருந்து அவரால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. சிநேகிதர் சுற்றி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"வழியெல்லாம் ஆட்டோ ரிக்‌ஷாக்கூட எங்களைத் தாண்டிப் போச்சுங்க அண்ணா" என்று குறைப்பட்டுக்கொண்டார் அந்த அம்மாள்.

"நான்தாங்க மெதுவா ஓட்டினேன்" என்றார் சிநேகிதர்.