மூன்றே பைட் அதிகம்! – பிங் கட்டளையின் கதை

நெட் வேலை செய்கிறதா என்று பார்க்க நாம் முதலில் அடிக்கும் கட்டளை பிங் தானே? அதில் பாக்கெட் அளவை நாமே வைக்கலாம். விண்டோஸில் '-எல்', லினக்ஸில் '-எஸ்'. இந்தச் சின்ன வசதி ஒரு காலத்தில் பல கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது தெரியுமா?

பிங் பிறந்தது 1983 டிசம்பரில். அமெரிக்காவின் மேரிலாந்தில் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இருந்த மைக் மூஸ், நெட்வொர்க் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரே மாலையில் எழுதிய புரோகிராம் இது. சோனார் ஒலி எழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் அல்லவா, அந்தச் சத்தம்தான் பெயர்.

அளவை மாற்றுவதால் என்ன லாபம்? சின்னப் பாக்கெட் போய்ப் பெரியது தொலைந்தால், கோளாறு எங்கே என்று ஒரு துப்பு கிடைக்கும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரைதான். தலைப்புப் பகுதிகளுக்கு 28 போனால் நமக்கு மிச்சம் 1472. அதற்கு மேல் போனால் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்புவார்கள். மொத்தப் பாக்கெட்டுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு: 65,535 பைட்.

வினை இங்கேதான். விண்டோஸ் 95-இல் 'பிங் -எல் 65510' என்று அடித்தால் அப்படியே அனுப்பிவிடும். 65,510-உடன் 28-ஐக் கூட்டுங்கள். 65,538! வரம்பைவிட மூன்றே பைட் அதிகம். ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கும். வாங்குபவர் ஒட்டும்போதுதான் மெமரி நிரம்பி வழியும், மெஷின் தொங்கிவிடும். 1996-இல் வெளிவந்த இந்த ஓட்டைக்கு 'பிங் ஆஃப் டெத்' என்று பெயர். விண்டோஸ், யூனிக்ஸ், மேக், ரவுட்டர் என்று பலதும் விழுந்தன.

திருத்தங்கள் சீக்கிரமே வந்தன. இன்றைய விண்டோஸ் பிங் 65,500-க்கு மேல் ஏற்பதில்லை. ஆனால் அனுப்பும் பக்கம் பூட்டினால் போதாது. வேறு புரோகிராம் எழுதி அனுப்ப எத்தனை நேரம் ஆகும்? வாங்குகிறவர்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். இது மறந்து போனதோ என்னவோ, 2013-இல் ஐபி பதிப்பு 6-க்காக மைக்ரோசாஃப்ட் மறுபடியும் ஒரு பிங் ஓட்டையை அடைக்க வேண்டி வந்தது.

மைக் மூஸ் 2000-இல் கார் விபத்தில் காலமானார். கோளாறைக் கண்டுபிடிக்க அவர் எழுதிய கருவியே, கம்ப்யூட்டர்களுக்குள் ஒளிந்திருந்த பெரிய கோளாறையும் காட்டிக் கொடுத்தது. நாளைக்கு நாம் புரோகிராம் எழுதும்போது, எதிரில் இருப்பவர் சொல்லும் அளவை அப்படியே நம்பிவிடாமல் இருப்போம்!