ஒலியொத்த பெயர்களைப் பொருத்தும் வழிமுறைகள்

ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் பதிவாகியிருந்தாலும் அடையாளம் காண உதவும் கணிப்பு முறைகள். இவை இரு வகை: ஒலிப்பைக் குறியீடாக்குபவை, எழுத்து வேறுபாட்டை அளப்பவை.

முதல் வகையின் முன்னோடி சவுண்டெக்ஸ். இதற்கு ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளுக்குப் பெயர் அட்டவணை தயாரிக்க 1930களில் அமெரிக்க அரசு இதைப் பயன்படுத்தியது. முதலெழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை நீக்கி, எஞ்சிய மெய்களை இனவாரியாக மூன்று இலக்கங்களாக்குவதே முறை. ராபர்ட், ரூபர்ட் இரண்டுக்கும் ஆர்-163 கிடைக்கும். முதலெழுத்தைத் தொடாததுதான் இதன் பெருங்குறை: 'சி'யில் தொடங்கும் கேத்தரின் சி-365, 'கே'யில் தொடங்கும் கேத்தரின் கே-365 என ஒலி ஒன்றாயிருந்தும் பிரிந்துபோகின்றன. மறுபுறம் ஸ்மித்தும் ஷ்மிட்டும் எஸ்-530இல் கலந்துவிடுகின்றன. கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களில் இது இன்னும் தடுமாறும்; மாஸ்கோவிட்ஸ் என்ற பெயரில் 'டபிள்யூ' இருந்தால் எம்-232, 'வி' இருந்தால் எம்-213. அந்தப் பெயர்களுக்கென்றே 1985இல் டெய்ட்ச்–மோகோடாஃப் முறை உருவானது. லாரன்ஸ் பிலிப்ஸின் மெட்டாஃபோன் (1990) ஆங்கில உச்சரிப்பு விதிகளையே உள்வாங்கி, 'நைட்' என்பதன் ஒலிக்காத 'கே'யை நீக்குகிறது.

இரண்டாம் வகையைச் சேர்ந்த, விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் முன்வைத்த தொலைவு, ஒலியைக் கருதுவதில்லை. ஒரு சொல்லை மற்றொன்றாக்கத் தேவையான மிகக் குறைந்த சேர்த்தல், நீக்கல், மாற்றல்களை எண்ணுகிறது. இரு கேத்தரின்களுக்கும் தொலைவு 1 மட்டுமே. தட்டச்சுப் பிழைகளுக்கு இதுவே பொருத்தம். ஆனால் ஒவ்வொரு இணையையும் தனித்தனியே ஒப்பிட வேண்டியிருப்பதால் பெரிய தரவுகளில் மெதுவாகும். ஆகவே ஒலிக்குறியீட்டால் பெயர்களைக் குழுக்களாக்கி, குழுவுக்குள் மட்டும் தொலைவை அளப்பது நடைமுறையில் உள்ளது. அப்போதும் சவுண்டெக்ஸைப் பயன்படுத்தினால், முதலெழுத்தில் பிரிந்த பெயர்கள் ஒரே குழுவில் சேராமல் தவறிப்போகும்.